புகை அலாரத்தைக் கழற்றச் சொல்லும் செய்தி தவறானது

“புகை அலாரத்தில் கதிரியக்கப் பொருள் இருக்கிறது, குழந்தைகள் படுக்கும் அறையிலிருந்து உடனே கழற்றிவிடுங்கள்” என்று அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களிடையே ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. பாதி உண்மை கலந்திருப்பதால்தான் பலரும் நம்பிவிடுகிறார்கள். காற்றை மின்னேற்றிப் புகையைக் கண்டறியும் அயனியாக்க (ionization) வகை அலாரங்களில் மட்டும் மிகச் சிறிதளவு அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் உள்ளது; அது முக்கியமாக வெளியிடும் ஆல்ஃபா கதிர்களை ஒரு தாளோ சில சென்டிமீட்டர் காற்றோ தடுத்துவிடும் என்பதால், அலாரத்தைப் பிரித்துச் சேதப்படுத்தாதவரை வீட்டாருக்கு ஆபத்தில்லை. இதை அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் எவரும் சரிபார்க்கலாம். ஒளியைக் கொண்டு புகையைக் கண்டறியும் ஒளிமின் (photoelectric) வகையிலோ கதிரியக்கப் பொருளே கிடையாது.

உண்மையில் கவனிக்க வேண்டியது பின்புறம் அச்சிட்டிருக்கும் தயாரிப்புத் தேதி. 10 ஆண்டுகள் கடந்திருந்தால் புதியதை மாட்டுங்கள். தோசைக்கல் புகைக்கே அலறுகிறது என்று பேட்டரியை உருவி வைத்தவர்கள் (நம் வீடுகளில் இது சகஜம்) இன்றே திரும்பப் போட்டு, சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அந்தச் செய்தியை மேலும் பகிர வேண்டாம்.