ஸ்டூல் இருக்கு, உட்காரத்தான் விடமாட்டார்

நிற்கிற கால்தான் வேலை செய்கிற கால் என்று ஜவுளிக்கடை ஃப்ளோர் மேனேஜர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? காலை ஒன்பதரைக்கு நின்ற பெண் இரவு ஒன்பதரைக்கும் நிற்கிறாள். ஈ காக்கை இல்லாத மத்தியானம் மூன்று மணிக்கு ரேக்கில் சற்றே சாய்ந்தால் போதும், கேமராவில் பார்த்துவிட்டு இன்டர்காமில் கத்துகிறார்.

கேரளா 2018-இல் இதற்குச் சட்டம் திருத்தியது. தமிழ்நாடு 2021-இல், 1947-ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தது. எல்லா ஊழியருக்கும் இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம். இவ்வளவுதான் சட்டம். இதில் புரியாதது என்ன? ஸ்டூல் வாங்கிப் போடுகிறார்கள், அதன் மேல் அட்டைப்பெட்டியை அடுக்கிவிடுகிறார்கள். பெட்டிக்கா கால் வலிக்கிறது?

நடந்தால் கெண்டைக்கால் தசை இறுகி ரத்தத்தை மேலே தள்ளும். ஒரே இடத்தில் நின்றால் அந்த வேலை நடக்காது. ரத்தம் காலிலேயே தேங்கும், சாயங்காலம் செருப்பு இறுக்கும், வருஷக்கணக்கில் போனால் நரம்பு சுருண்டு புடைக்கும். இருபத்திரண்டு வயதில் ஏன் அது?

பாத்ரூம் போகவும் மேனேஜரிடம் கேட்க வேண்டும். அதற்குப் பயந்து தண்ணீரே குடிப்பதில்லை, பிறகு நீர்க்கடுப்பு. ஒருத்தர் வந்து ஐம்பது புடவை பிரித்துப் பார்த்து ஒன்றும் எடுக்காமல் போனால், "ஏன் விட்டே?" என்று திட்டும் அவளுக்குத்தான். ஐம்பதையும் மடித்து அடுக்குவதும் அவள்தான். அதையாவது உட்கார்ந்து மடிக்கக் கூடாதா?