தனி ஆவர்த்தனம் என்றால் இடைவேளையா?

கிருஷ்ணகிரியில் கச்சேரி நடப்பதே அபூர்வம். மாம்பழ சீசன் புழுக்கத்தில் மின்விசிறிக்கு அடியில் இடம் பிடித்து உட்கார்ந்தால், 6 மணிக் கச்சேரிக்கு 7 மணி வரை பொன்னாடை! போர்த்தியவருக்கே இன்னொருவர் வந்து போர்த்துகிறார். இந்த வெக்கையில் யாருக்குப் போர்த்திக்கொள்ள ஆசை?

சரி, ஒருவழியாகத் தோடி ராக ஆலாபனை. வயலின் காந்தார ஸ்வரத்தை அசைத்து அசைத்து இழைக்கிறது. தோடிக்கு உயிரே அந்த அசைவில்தான். அதே நொடியில் முன்வரிசைப் பெரியவர் போனில், "கச்சேரியிலதான்பா இருக்கேன், பெங்களூரா மாம்பழம் கிலோ என்ன விலை போகுது?" என்கிறார். ஐயா, மண்டி நாளைக்கும் இருக்கும். இந்தத் தோடி இருக்குமா?

அப்புறம் தனி ஆவர்த்தனம், அதாவது பாட்டு நின்று தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் நேரம். மிருதங்கத்தில் முதல் சொல் விழுந்ததும் பாதி மண்டபம் எழுந்துவிடுகிறது. அவர் என்ன, பள்ளிக்கூடம் விடுகிற மணியா அடித்தார்? பாவம், மிருதங்கமும் கடமும் காலி நாற்காலிகளுக்கு மாறி மாறி வாசித்து, முத்தாய்ப்பான தாளக் கோர்வை வைக்கிறார்கள். பாடகர் மட்டும் தாளம் போட்டுக்கொண்டு "பலே" சொல்கிறார். ரசிகப் பெருமக்கள்? வெளியே போண்டா வரிசையில். கடைசிப் பாட்டான மங்களத்துக்கு மட்டும் ஒருவர் பாக்கியில்லாமல் திரும்பிவிடுவார்கள். சுண்டல் பொட்டலம் அப்போதுதானே தருகிறார்கள்!