சான் மரீனோவ விளையாட விடுங்க

2025 அக்டோபர்ல ஃபுட்பால் வேர்ல்ட் கப் தகுதிச் சுற்றுல ஆஸ்திரியா சான் மரீனோவ 10-0ன்னு அடிச்ச மறுநாள், ஆபீஸ்ல கூட வேலை பார்க்குற தம்பி ஒருத்தன் போன நீட்டி அர்னாட்டோவிச் அடிச்ச நாலு கோலையும் வரிசையா காட்டிட்டு "அண்ணே, இவனுங்கள எல்லாம் எதுக்குண்ணே ஆட விடுறாங்க, டைம் வேஸ்ட்"னான். சாப்பாட்டு நேரம், சுத்தி இருந்த எல்லாரும் சிரிச்சாங்க. நான் அப்ப பெருசா ஒண்ணும் பேசல. ஆனா அந்தக் கேள்வி மனசுலயே கிடக்கு. அதுக்கு ஒழுங்கா பதில் சொல்லணும்னுதான் இவ்ளோ நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க.

சான் மரீனோன்னா நம்மள்ல நெறைய பேருக்கு கார் ரேஸ்தான் ஞாபகம் வரும், அந்த ரேஸ் கூட அந்த நாட்டுல நடக்கல, பக்கத்துல இத்தாலியில இமோலாவுலதான் நடந்துச்சு. நாலா பக்கமும் இத்தாலி, நடுவுல ஒரு மலை, மொத்தமே 61 சதுர கிலோமீட்டர், ஜனத்தொகை சுமார் 34,000. இதுல பாதி பேர் பெண்கள், மிச்சத்துல குழந்தைங்க, வயசானவங்க எல்லாரையும் கழிச்சா ஆடுற வயசுல இருக்குற ஆம்பளைங்க தோராயமா ஒரு மூவாயிரம் பேர்தான் தேறுவாங்க, அதுலேர்ந்து பதினோரு பேர எடுத்து ஜெர்மனிக்கு எதிரா, இங்கிலாந்துக்கு எதிரா நிறுத்தணும். பேங்க்ல வேலை பார்க்குறவங்க, காலேஜ் பசங்க, கம்பெனிக்கு போறவங்க, சாயங்காலம் வேலை முடிச்சுட்டு பிராக்டிஸுக்கு வர்றவங்கதான் அந்த டீம்ல முக்கால்வாசி. 1998லேர்ந்து 2013 வரைக்கும் கோச்சா இருந்த ஜான்பாவ்லோ மட்சா ஸ்கூல்ல பிடி வாத்தியார். பதினஞ்சு வருஷம் அவர்தான் கோச், அந்தப் பதினஞ்சு வருஷத்துல ஜெயிச்சது ஒரே ஒரு மேட்ச்.

சில பேர் உடனே குராசாவோவ சொல்லுவாங்க. ஒன்றரை லட்சம் பேர் இருக்குற தீவு 2026 வேர்ல்ட் கப்புக்கே போயிருச்சே, இவங்களுக்கு என்னன்னு. குராசாவோ பண்ணது பெரிய விஷயம், எனக்கும் சந்தோஷம்தான். ஆனா அந்த டீம்ல ஆடுறவங்க பெரும்பாலும் நெதர்லாந்துல பொறந்து அங்க பெரிய கிளப் அகாடமிகள்ல வளர்ந்த ப்ரொஃபஷனல் பிளேயர்ஸ். சான் மரீனோவுக்கு அப்படி வெளிய ஒரு பெரிய கூட்டம் கிடையாது, வெளியாளுக்கு குடியுரிமை கிடைக்கணும்னா பல பத்து வருஷம் அங்கயே குடியிருக்கணும். அதனால இருக்குறவங்களை வச்சுதான் ஆடணும்.

அந்த ஊர்ல திறமையே கிடையாதுன்னு நினைச்சுடாதீங்க. மாசிமோ பொனினின்னு ஒருத்தர், எண்பதுகள்ல பிரான்ஸ் ஜாம்பவான் பிளாட்டினி கூட இத்தாலி கிளப் யுவென்டஸ்ல மிட்ஃபீல்டுல ஓடிக்கிட்டே இருந்தவர், 1985ல கிளப்புகளுக்கான ஐரோப்பியன் கப் ஜெயிச்ச டீம்ல இருந்தவர். அவர் சான் மரீனோக்காரர். அவரோட நல்ல காலத்துல சான் மரீனோ ஃபிஃபாவுலயே இல்ல, 1988லதான் சேர்த்துக்கிட்டாங்க. இத்தாலி அண்டர் 21க்கு ஆடுனவர், சொந்த நாட்டுக்கு ஒரு டீம் வந்தப்போ முப்பது வயசு தாண்டி அதுல வந்து ஆடுனாரு. ஐரோப்பாவுல எல்லாத்தையும் ஜெயிச்ச மனுஷன் நாலு அஞ்சுன்னு தோக்குற டீமுக்கு வந்து நின்னாரு. ஏன் வந்தாருன்னு யோசிச்சுப் பாருங்க.

இங்கிலாந்து கதை தெரியாதவங்க கம்மி. 1993 நவம்பர் 17, இத்தாலியில பொலோனியாவுல மேட்ச். வேர்ல்ட் கப் போகணும்னா இங்கிலாந்து ஏழு கோல் வித்தியாசத்துல ஜெயிக்கணும், அந்தப் பக்கம் நெதர்லாந்து வேற தோக்கணும். விசில் ஊதி 8.3 செகண்டுல ஸ்டூவர்ட் பியர்ஸ் கீப்பருக்கு தட்டுன பால் பலமில்லாம போக, டாவிடே குவால்தியேரி நடுவுல பாய்ஞ்சு கோல் போட்டுட்டாரு. கடைசில 7-1ன்னு தோத்தாங்க, ஆனா வேர்ல்ட் கப் தகுதிச் சுற்றுல அதிவேக கோல்ங்கிற ரெக்கார்டு 2016 வரைக்கும் அவர் பேர்லதான் இருந்துச்சு. அதே வருஷம் மார்ச்ல துருக்கிய சொந்த ஊர்ல 0-0ன்னு நிறுத்துனாங்க, அதுதான் அவங்களோட முதல் பாயிண்ட். அந்த துருக்கி ஒம்போது வருஷம் கழிச்சு வேர்ல்ட் கப்புல மூணாவது வந்துச்சு.

ஆனா நான் முக்கியமா சொல்ல வந்தது ஆல்டோ சிமோன்சினிய பத்தி. கோல் கீப்பர். 2006 செப்டம்பர் 6, சான் மரீனோவுல செர்ராவல்லேங்கிற ஊர்ல ஜெர்மனி கூட மேட்ச், வேர்ல்ட் கப்புல மூணாவது வந்த கையோட வந்துருக்காங்க. சிமோன்சினிக்கு அப்ப 20 வயசு. பொடோல்ஸ்கி மட்டும் நாலு, மொத்தம் 13 கோல். கடைசி நிமிஷத்துல ஜெர்மனிக்கு ஒரு பெனால்டி கிடைக்குது, ஏற்கனவே 12-0, அதை அடிக்க ஜெர்மனியோட கீப்பர் லேமன் அந்தக் கோடியிலேர்ந்து கிளம்பி வர்றாரு, அது வேண்டாம்னு ஆகி கடைசியில ஷ்னைடர் அடிச்சாரு. ஒரு இருபது வயசுப் பையன், சொந்த ஊர், அப்பா அம்மா கூடப் படிச்சவங்க தெருக்காரங்க எல்லாரும் ஸ்டாண்டுல உக்காந்திருப்பாங்க, பதிமூணு தடவை திரும்பி வலைக்குள்ளேர்ந்து பாலை எடுக்குறான்னா அவனுக்கு எப்படி இருந்திருக்கும். நானா இருந்தா அன்னிக்கே கிளவுஸ கழட்டி வச்சிருப்பேன். அவர் கழட்டல.

அந்த டீம் 2004லேர்ந்து 2014 வரைக்கும் தொடர்ந்து 61 மேட்ச் தோத்துச்சு. அறுபத்தி ஒண்ணு. ஒரு டிரா கூட இல்லாம பத்து வருஷம். 2014 நவம்பர் 15 அன்னிக்கு எஸ்டோனியா வந்தாங்க, யூரோ தகுதிச் சுற்று, 0-0. கோல்ல நின்னது அதே சிமோன்சினி. விசில் ஊதுனதும் வேர்ல்ட் கப் ஜெயிச்ச மாதிரி கட்டிப்பிடிச்சு குதிச்சாங்க. தொடர்ந்து ஜெயிச்சுக்கிட்டே இருக்குற ஒரு டீம ஃபாலோ பண்றவங்களுக்கு அந்த 0-0 புரியுமான்னு எனக்குத் தெரியல, எனக்கு அந்த வீடியோ பார்த்தா இன்னைக்கும் தொண்டை அடைக்கும்.

2016ல திரும்பவும் ஜெர்மனி வந்து 8-0ன்னு அடிச்சுட்டு போச்சு. மேட்ச் முடிஞ்சு ஜெர்மனி பிளேயர் தாமஸ் முல்லர், இதுக்கும் ப்ரொஃபஷனல் ஃபுட்பாலுக்கும் சம்பந்தமே இல்ல, இருக்குற நெருக்கடியான அட்டவணையில இந்த மாதிரி மேட்ச் எதுக்குங்கிற மாதிரி பேசிட்டாரு. எங்க ஆபீஸ் தம்பி கேட்ட அதே கேள்வி. அதுக்கு சான் மரீனோ தரப்புலேர்ந்து ஆலன் காஸ்பெரோனிங்கிறவர் ஒரு திறந்த மடல் எழுதுனாரு, இந்த மேட்ச் எதுக்கு தேவைன்னு பத்து காரணம். எங்ககிட்ட கூட உங்களால ஒரு கோல் போட முடியலன்னு ஒரு குத்து இருந்துச்சு, நெசம்தான், அந்த எட்டுல முல்லர் போட்டது ஒண்ணு கூட இல்ல. இந்த மேட்ச்சுக்கு வர்ற காசுல ஒரு சின்ன ஊர்ல கிரவுண்டு கட்டுவோம்னு ஒரு காரணம். ஃபுட்பால் உங்களோடது மட்டும் இல்ல, அதை நேசிக்கிற எல்லாரோடதும்னு ஒரு காரணம்.

முல்லர் சொன்ன அட்டவணை நெருக்கடி உண்மைதான், பிளேயர்ஸ் காயமாகுறாங்க, அதை நானும் ஒத்துக்குறேன். ஆனா அந்த நெருக்கடிய உண்டாக்குனது சான் மரீனோவா? சாம்பியன்ஸ் லீக்ல மேட்ச் எண்ணிக்கைய கூட்டுனது யாரு, கிளப் வேர்ல்ட் கப்ப 32 டீமா ஆக்கி கோடை லீவையும் சாப்பிட்டது யாரு? காசு கொழிக்கிற மேட்ச்ச எல்லாம் கூட்டிக்கிட்டே போயிட்டு, ரெண்டு வருஷத்துக்கு ரெண்டு தடவை வர்ற ஒரு மேட்ச்ச காட்டி இதுதான் சுமைங்கிறது நியாயமே இல்லங்க.

சின்ன டீமுக்கெல்லாம் தனியா ஒரு முன்தகுதிச் சுற்று வைக்கலாமேன்னு கேப்பாங்க. ஆசியாவுல அப்படித்தான் இருக்கு, என்ன ஆகுதுன்னு பாருங்க. 2023 அக்டோபர்ல இலங்கை யேமன் கூட ரெண்டு மேட்ச் ஆடுச்சு, ஒண்ணு தோல்வி ஒண்ணு டிரா, அவ்ளோதான், 2026 வேர்ல்ட் கப் கனவு 180 நிமிஷத்துல முடிஞ்சுது. பெரிய டீம் எதுவும் கொழும்புக்கு வரப்போறதில்ல, ஒரு சின்னப் பையன் ஸ்டேடியத்துல உக்காந்து பெரிய பிளேயர நேர்ல பார்க்கப் போறதில்ல. ஆடாம எப்படிங்க முன்னேறுறது?

சரிசமமான டீம் கிடைச்சா என்ன நடக்கும்ங்கிறதுக்கு நேஷன்ஸ் லீக் சாட்சி. 2018ல ஆரம்பிச்சாங்க, பலத்துக்கு ஏத்த மாதிரி பிரிச்சு ஆட வைக்கிறது, நான் பார்த்ததுல ஐரோப்பிய ஃபுட்பால நடத்துற யூயெஃபா பண்ண உருப்படியான காரியம் இதுதான். அதுலயும் மொதல்ல தோல்விதான், இல்லன்னு சொல்லல. 2024 செப்டம்பர் 5, இவங்கள மாதிரியே குட்டி நாடான லிக்டன்ஸ்டைன் கூட மேட்ச், நம்ம நேரத்துக்கு ராத்திரி பன்னெண்டே காலுக்கு. டிவியில கிடையாது, போன்ல ஸ்கோர் மட்டும் பார்த்துக்கிட்டு படுத்திருந்தேன், வீட்டுல எல்லாரும் தூங்கியாச்சு. 53வது நிமிஷம், நிக்கோ சென்சோலி, 1-0. அப்புறம் அந்த நாப்பது நிமிஷம் இருக்கே, ஸ்கிரீன இழுத்து இழுத்து விரல் வலிச்சுது. 1-0லயே முடிஞ்சுது. இருபது வருஷம், 140 மேட்ச் கழிச்சு ஒரு வெற்றி, புள்ளிக்காக ஆடுன மேட்ச்ல அவங்க ஜெயிச்சது அதுதான் முதல் தடவை. இதுக்கு முன்னாடி 2004 ஏப்ரல்ல ஜெயிச்சதும் இதே லிக்டன்ஸ்டைன் கூடத்தான், அது ஃப்ரெண்ட்லி, ஆண்டி செல்வா கோல். அந்த மேட்ச் நடந்தப்போ சென்சோலி பொறக்கவே இல்ல. தன் வாழ்நாள்ல தன்னோட நாடு ஒரு மேட்ச் ஜெயிச்சு பார்த்திராத பையன் அடிச்ச கோல் அது.

அதோட நிக்கல. நவம்பர்ல ஜிப்ரால்டர் கூட கடைசி நேரத்துல நிகோலா நானி பெனால்டி போட்டு 1-1. மூணு நாள் கழிச்சு லிக்டன்ஸ்டைன் தலைநகர் வாடூஸ்ல திரும்ப அதே லிக்டன்ஸ்டைன், பாதி ஆட்டத்துல 0-1ன்னு பின்னாடி. இடைவேளை முடிஞ்சு வந்ததும் லாட்சாரி சமன் பண்ணாரு, அப்புறம் நானி பெனால்டி, அப்புறம் கோலினூச்சி. 3-1. வெளிநாட்டு மண்ணுல முதல் வெற்றி, குரூப்ல முதலிடம், கடைசி அடுக்கான டி லீக்லேர்ந்து அடுத்த மேல் அடுக்கான சி லீக்குக்கு ப்ரமோஷன். கோச் ராபர்டோ செவோலி. கடைசி விசில் ஊதுனதும் பெஞ்சுல இருந்தவங்க எல்லாரும் மைதானத்துக்குள்ள ஓடுனாங்க.

ஃபிஃபா ரேங்கிங்ல அப்பவும் 210வது, அதாவது கடைசி இடம்தான். 2026 தகுதிச் சுற்றுல எட்டுக்கு எட்டும் தோல்வி, அந்த 10-0 அதுல ஒண்ணு. சி லீக்ல வர்ற டீம் எல்லாம் இன்னும் பலமா இருக்கும், மறுபடியும் வரிசையா தோப்பாங்கன்னுதான் நானும் நினைக்கிறேன்.

அந்தத் தம்பிக்கு அன்னிக்கு சாயங்காலம் வாடூஸ் மேட்ச் ஹைலைட்ஸ அனுப்பி வச்சேன், கூடவே 2014 எஸ்டோனியா மேட்ச்சும். ராத்திரி பதினோரு மணிக்கு ஒரே ஒரு மெசேஜ் வந்துச்சு, "அண்ணே, அந்த 13 கோல் வாங்குன கீப்பரும் இந்த எஸ்டோனியா மேட்ச் கீப்பரும் ஒரே ஆளா?"ன்னு. ஆமாடான்னு போட்டேன்.