பதினோரு மணிக்குக் கணக்கெடுத்தால் யார் இருப்பார்கள்?

ஓசூர் மாதிரி வளரும் ஊரில் சந்தைப் பகுதியைப் புதுப்பிக்கும்முன் ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம் போட்டால் போதும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். போதாது. அதற்கு முன்பே, அங்கே வியாபாரம் செய்பவர்களையும் குடியிருப்பவர்களையும் கணக்கெடுக்கும்போதே ஏழைகள் விடுபட்டுவிடுகிறார்கள்.

சாலையோர வியாபாரிகள் சட்டம் 2014-இல் வந்தது. கணக்கெடுத்துச் சான்று கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது, இடம் மாற்ற 30 நாள் நோட்டீஸ் வேண்டும் என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. அந்தச் சட்டப்படி அமைக்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், சிறுபான்மையினருக்கும் உரிய இடம் தர வேண்டும்.

ஆனால் கீரை, பூ விற்கும் பெண்கள் விடியலில் சாக்கு விரித்து, ஒன்பது மணிக்குள் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பதினோரு மணிக்கு வரும் ஊழியர் கண்ணில் தள்ளுவண்டிகள்தான் படும். அதிகாலை, மதியம், மாலை என மூன்று வேளையும் எடுங்கள். சந்தை கூடும் நாளில் தனியாக ஒருமுறை எடுங்கள்.

நோட்டீஸ் தமிழில் மட்டும் ஒட்டினால் தெலுங்கு, கன்னடம், உருது பேசும் குடும்பங்களுக்கு எப்படிப் போய்ச் சேரும்?

குடியிருப்புகளில் "வீடு பூட்டியுள்ளது" என்று எழுதிவிட்டுப் போவது பெரிய அநியாயம். கூலிக்குப் போனவர், வாடகைக்கு இருப்பவர் இருவருமே விடுபடுவார்கள். வரைவுப் பட்டியலை காலனியிலேயே, இரவு ஏழு மணிக்குமேல் உரக்க வாசிக்க வேண்டும். ஆட்சேபம் எழுதிக் கொடுப்பவர் கையில் தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். அது இல்லாமல் மேல்முறையீட்டில் எதைக் காட்டுவார்?