ஏர் சஸ்பென்ஷன் வண்டியில் சிம்ப்சன் போகலாமா?

போன வாரம் அடிலெய்டில் தெரிந்த தம்பி ஒருவன் வாங்கிய ஃபோர் வீல் டிரைவைக் காட்ட வீட்டுக்கு வந்தான். பத்து வருடப் பழைய வண்டி, ஓடியது இரண்டு லட்சம் கிலோமீட்டருக்கு மேல், நாலு சக்கரத்திலும் ஏர் சஸ்பென்ஷன், அதாவது இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர் பை. ஜூலையில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு ஆஸ்திரேலியாவின் நடுவே இருக்கும் சிம்ப்சன் பாலைவனத்தைக் கடக்கப் போகிறானாம். "அண்ணே, இதை நம்பிப் போகலாமா?" என்றான். ஒவ்வொரு வருடமும் குளிர்காலம் நெருங்கும்போது யாராவது இதைக் கேட்கிறார்கள். அதனால் அவனிடம் சொன்னதை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

ஏர் சஸ்பென்ஷன் என்றாலே குப்பை என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அவுட்பேக் என்கிற ஆளரவமற்ற உள்பகுதியில் ஓடுகிற ரோடு ட்ரெயின்களில் (பல ட்ரெய்லர்களை இழுக்கும் லாரிகள்) பலவும் காற்றின் மேல்தான் நிற்கின்றன. ஆனால் லாரியில் இருப்பது எஞ்சினே சுழற்றும் பெரிய கம்ப்ரஸர். பிரேக்குக்கும் காற்றுதான் என்பதால் பெரிய பெரிய டேங்குகள் உண்டு. நம் வண்டியில் இருப்பதோ கையில் தூக்கிவிடக்கூடிய ஒரு மின்சாரக் கம்ப்ரஸர். நிறுத்தாமல் ஓடினால் சூடேறித் தானே நின்றுவிடும். அதோடு மூலைக்கு ஒன்றாக உயரம் பார்க்கும் சென்ஸார், காற்றைப் பிரித்து அனுப்பும் வால்வ் பிளாக், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கம்ப்யூட்டர்.

சுகம் உண்மைதான், மறுக்க மாட்டேன். தண்ணீர், டீசல், கூடாரம் என்று பின்னால் எவ்வளவு அடுக்கினாலும் வண்டி மட்டமாக நிற்கும். மணலில் பட்டனை அழுத்தினால் உயரும். காயில் ஸ்பிரிங்கை (சுருள் இரும்பு ஸ்பிரிங்) நிறைந்த பாரத்துக்கென்று கடினமாகப் போட்டுவிட்டால், மீதி நாளெல்லாம் வெறும் வண்டியில் குலுங்கிக்கொண்டு ஊருக்குள் ஓட்ட வேண்டும்.

"கம்ப்ரஸர் போயிடுச்சு" என்று எல்லோரும் சொல்வார்கள். பல சமயம் அது கடைசியில் விழுந்த ஆள், அவ்வளவுதான். ரப்பர் பை மடிந்து மடிந்து உருளும் இடத்தில், வயதாகும்போது மெல்லிய வெடிப்பு விடும். டால்கம் பவுடர் போன்ற புல்டஸ்ட் என்கிற மண்தூசி அந்த மடிப்பில் புகுந்து தேய்க்கும். ராத்திரியில் கொஞ்சம் காற்று கசியும், காலையில் கம்ப்ரஸர் அதை நிரப்பும். மாதக்கணக்கில் இப்படி அதிகமாக உழைத்து, ஒருநாள் அதுவும் கருகிப்போகும். சாயங்காலம் நிறுத்தும்போது சக்கரத்தின் நடுவிலிருந்து மேல் வளைவு வரை டேப் வைத்து அளந்து, காலையில் மறுபடி அளந்தால் கசிவு தெரிந்துவிடும். சோப்புத் தண்ணீர் அடித்தால் எந்த இடம் என்பதும் தெரியும். ஐந்து நிமிட வேலை. பழைய வண்டி வாங்குகிறவர்களில் இதைச் செய்தவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு பேர்ட்ஸ்வில் ட்ராக்கில் போனோம். மரீயிலிருந்து பேர்ட்ஸ்வில் வரை 517 கிலோமீட்டர் மண் சாலை, தகரக் கூரை மாதிரி வரிவரியாக. வழியில் இருக்கும் மங்கரானி என்ற சின்ன நிறுத்தத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், கூட வந்த நண்பரின் வண்டி பின்பக்கம் இடதில் உட்கார்ந்துவிட்டது. பையில் ஒரு கோளாறும் இல்லை. அதிர்ச்சியில் உயர சென்ஸாரின் சின்னத் தண்டு முறிந்து தொங்கியது. வண்டி அந்த மூலையில் ரொம்ப உயரமாக நிற்கிறது என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டு, இருந்த காற்றையெல்லாம் வெளியே விட்டுவிட்டது. சக்கரம் வளைவில் உரசியது, ஒவ்வொரு குழியிலும் இரும்பும் இரும்பும் முட்டின. பின் சீட்டில் அவருடைய அம்மா. இரண்டு மணி நேரம் நின்றோம்.

கேரவான் இழுத்துக்கொண்டு வந்த வயதான ஒரு தம்பதி நிறுத்தினார்கள். அந்தப் பெரியவர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தார். உள்ளே கொஞ்சம் காற்றுக்குழாய், இணைப்புகள், சாதாரண டயர் வால்வுகள். பைக்குப் போகும் குழாயை வெட்டி, பை இருக்கும் முனையில் டயர் வால்வைப் பொருத்தி, டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸராலேயே பையை நிரப்பினார். கம்ப்யூட்டர் மறுபடி தலையிடாமல் இருக்க ஃபியூஸைப் பிடுங்கினார். அரை மணி நேரத்தில் வண்டி எழுந்து நின்றது. மெதுவாக ஓட்டி மரீ வந்து சேர்ந்தோம்.

இரும்பும் உடையும். தனாமி சாலையில் லீஃப் ஸ்பிரிங் (அடுக்கிய இரும்புப் பட்டைகள்) முறிந்து, மரக்கட்டையும் ராட்செட் ஸ்ட்ராப்பும் வைத்துக் கட்டிக்கொண்டு வந்த வண்டியைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அது வந்து சேர்ந்தது. முறிந்த ஸ்பிரிங் கண்ணுக்குத் தெரியும், எதையாவது வைத்துக் கட்டலாம். காற்று போன வண்டியில் என்ன போனது என்று கண்டுபிடிக்கவே பல சமயம் தனிக் கருவி வேண்டியிருக்கிறது. நான் கேட்பது இந்த ஒன்றைத்தான்: உடைந்த பிறகு, கையில் இருப்பதை வைத்து நீங்களே எழுப்ப முடியுமா?

இன்னொன்று, இது என்னை ரொம்ப உறுத்துவது. டபுள் கேப் யூட்களில் (இரண்டு வரிசை சீட்டுள்ள பிக்கப் வண்டிகள்) லீஃப் ஸ்பிரிங்குக்கு மேல் கூடுதலாக ஏர் பேக் போட்டுக்கொண்டு அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுகிறார்கள். லீஃப் ஸ்பிரிங் பாரத்தைச் சேஸியில் (வண்டியின் அடிச்சட்டம்) முன்னும் பின்னுமாக இரண்டு இடத்தில் தாங்குகிறது. நடுவில் பை வந்ததும் பெரும்பகுதி அந்த ஒரே புள்ளியில் இறங்குகிறது. பின்னால் இழுத்துவரும் கேம்பர் ட்ரெய்லர், கீழே குண்டும் குழியும். கேபினுக்குப் பின்னால் சேஸி வளைந்து நிற்கும் யூட் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பின்பக்கம் தொங்காமல் நிமிர்ந்து நிற்பதாலேயே பாரம் அதிகம் என்பது தெரியாமல் போகிறது. பை போட்டதால் வண்டி தாங்கும் எடை ஒரு கிலோகூட ஏறுவதில்லை.

சரி, தம்பிக்கு என்ன சொன்னேன்? ஊட்னடாட்டா ட்ராக், கிப் ரிவர் ரோடு என்றால் தாராளமாகப் போ. டயர் காற்றைக் குறை, வேகத்தைக் குறை. அங்கெல்லாம் சீசனில் வண்டி வந்துகொண்டே இருக்கும். சிம்ப்சன் வேறு. 1,100 மணல் மேடுகளுக்கு மேல், மொபைல் சிக்னல் கிடையாது, மீட்டு வர ஆள் வந்தால் பல ஆயிரம் டாலர். அங்கே இந்த வயதுப் பைகளோடு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகாதே. ஒன்று, காயில் ஸ்பிரிங்குக்கு மாற்று. இல்லையென்றால் நாலு பையையும் புதிதாகப் போட்டு, நாலு மூலைக்கும் கையால் காற்றடிக்கும் வால்வு வைத்து, ஒரு சென்ஸாரும், கம்ப்யூட்டரில் பதிவான கோளாறைப் படித்து அழிக்கும் கருவியும் எடுத்துக்கொண்டு போ. என் வண்டியாக இருந்தால் காயில்தான்.

அவன் முகம் கொஞ்சம் வாடிவிட்டது, எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. பயணத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போடலாமா என்று யோசிக்கிறான்.

பெரியவரிடம் பார்த்த மாதிரியே ஒரு டப்பா நானும் செய்து வைத்திருக்கிறேன், கூடுதலாக இன்னொரு செட்டும் கேரேஜில் இருக்கிறது. அடிலெய்டில் இருந்து இந்த சீசன் ஏர் சஸ்பென்ஷன் வண்டியில் கிளம்புகிறவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள். ஒரு சனிக்கிழமை வண்டியோடு வாருங்கள், காற்றை இறக்கிவிட்டு உங்கள் கையாலேயே ஒரு தடவை ஏற்றிப் பார்த்துவிட்டு அந்த டப்பாவை எடுத்துப் போகலாம்.