வாய் உத்தரவு

டாக்சிக் ஆபீஸ் என்றாலே எல்லோரும் கத்துகிற மேனேஜரைத்தான் சொல்கிறார்கள். எங்கள் மேனேஜர் கத்தவே மாட்டார். "என்னம்மா, சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் வேலையே சொல்வார். ஆனால் மூன்று வருடத்தில் ஒரு வேலையைக்கூட எழுத்தில் சொன்னதில்லை. என்னைக் கேட்டால் கத்துகிறவரே தேவலை, நாலு பேர் காதிலாவது விழும்.

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் கம்பெனியில் பில்லிங் வேலை. பெயர் வேண்டாம், நான் இன்னும் இந்த ஊரில்தான் இருக்கிறேன். சீசன் வந்துவிட்டால் போச்சம்பள்ளி, சந்தூர், காவேரிப்பட்டணம் என்று பெங்களூரா ரக மாம்பழம் ஏற்றிய டிராக்டரும் டெம்போவும் கேட்டுக்கு வெளியே வரிசை கட்டும். வெயிலில் நிற்க நிற்கப் பழம் எடை இறங்கும், அழுகலும் கூடும். லோடு எடையில் காலி வண்டி எடையைக் கழித்து, அழுகலுக்கும் கழிவு போட்டுச் சீட்டு எழுதுவது நான்.

2025 சீசனில் விலை எப்படிப் படுத்தது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அந்த நேரத்தில் ஒருநாள் மேனேஜர் என் மேஜைப் பக்கம் வந்து, "இன்னையிலிருந்து கழிவு அஞ்சு சதவீதத்துக்குப் பதிலா எட்டு போட்டுக்கோம்மா" என்றார். மெயிலில் போடச் சொன்னேன். "நமக்குள்ள என்னம்மா மெயில்?" என்று சிரித்தார்.

மூன்றாம் நாள் ஒரு பெரியவர் பழைய சீட்டையும் புதுச் சீட்டையும் மேஜையில் ஒட்டி ஒட்டி வைத்தார். இரண்டுமே நாலு டன் லோடு. கழிவில் மட்டும் 120 கிலோ வித்தியாசம். "ஏம்மா, அதே தோப்பு, அதே மரம். மூணு நாள்ல எப்படிம்மா இவ்வளவு அழுகும்?" சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். சீட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாரைக் கேட்டும்மா எட்டு போட்டே?" அதே மெதுவான குரல். சீட்டில் இருந்தது என் கையெழுத்து.

ராத்திரி பதினோரு மணிக்கு வாய்ஸ் மெசேஜ் வரும், காலையில் பார்த்தால் அழித்திருப்பார். ரெக்கார்டு பண்ணி வைத்திருக்கலாமே என்றாள் தோழி. வெளியே இருபது வண்டி ஹாரன் அடிக்கும்போது யாருக்கு அதெல்லாம் தோன்றும்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எடைமேடைப் பையனிடம் நானும் வாயால்தான் வேலை சொன்னேன். ஒரு நாள் வண்டி நம்பர் மாறிப்போனது. நான்தான் தப்பாகச் சொல்லியிருந்தேன். கணக்கு உதைத்ததும், "நான் எப்படா அப்படிச் சொன்னேன்?" என்று அவனிடமே கேட்டேன். பதிலே பேசாமல் தலையைக் குனிந்துகொண்டான். இந்த வேலையை விடவேண்டும் என்று முடிவு செய்தது அந்தப் பெரியவரால் அல்ல, இவனால்தான்.

ஆகஸ்டில் விட்டேன். நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. எல்லாத் தொழிலாளருக்கும் நியமனக் கடிதம் கட்டாயமாம். படித்ததும் சிரித்துவிட்டேன். எனக்குச் சேரும்போதும் கடிதம் இல்லை. விட்டு வரும்போது அனுபவச் சான்றிதழாவது கொடுங்கள் சார் என்று போய் நின்றேன்.

"அதெல்லாம் எதுக்கும்மா? யாராவது போன் பண்ணாங்கன்னா நானே நல்லவிதமா சொல்லிடறேன்" என்றார்.