டிசி இல்லையென்றால் பள்ளியில் இடம் கிடையாதா?

‘பிறப்புச் சான்றிதழ், டிசி, ஆதார் மூன்றும் இல்லாத குழந்தையை அரசுப் பள்ளியில் சேர்க்கவே முடியாது’ என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு. திருவள்ளூர்ப் பக்கம் செங்கல் சூளைக்கு வரும் ஒடிசாக் குடும்பங்களிடம் இதைச் சொன்னால், அந்த வருடப் படிப்பு அதோடு போயிற்று.

6 முதல் 14 வயதுவரை பொருந்தும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தில் பிரிவு 14(2), வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது. அங்கன்வாடிப் பதிவோ, பெற்றோர் எழுதித்தரும் உறுதிமொழியோ போதும். பிரிவு 5(3)இன்படி டிசி தாமதமானாலும் சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது. டிசி தரத் தாமதிக்கும் பழைய பள்ளித் தலைமை ஆசிரியர்மீதுதான் ஒழுங்கு நடவடிக்கை. பள்ளிச் சேர்க்கைக்கு ஆதார் கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் சொல்லிவிட்டது. வருடத்தின் நடுவில் வந்தாலும் பிரிவு 15 சேர்க்கச் சொல்கிறது.

நடைமுறையில் சிக்கல் வேறு இடத்தில். தமிழ்நாட்டுக்குள் பள்ளி மாறும்போது, பழைய பள்ளி எமிஸ் என்ற கல்வித் துறையின் மாணவர் விவரத் தளத்தில் பிள்ளையின் பெயரைப் ‘பொதுத் தொகுப்பு’க்கு விடுவிக்காவிட்டால், புதிய பள்ளியால் அதை எடுக்க முடியாது. உடனே ‘டிசி வாங்கிட்டு வாங்க’ என்று அனுப்பிவிடுகிறார்கள். அது கணினி வேலை. பிள்ளையை வகுப்பில் உட்காரவைக்க அது தடையே அல்ல. பழைய எமிஸ் எண் தெரிந்தால் கொடுங்கள், வேலை சுருக்கமாக முடியும். விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியுடன் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் வட்டாரக் கல்வி அலுவலரைப் பாருங்கள், அல்லது கல்வித் துறை உதவி எண் 14417க்கு அழையுங்கள்.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து இந்தச் சட்டம் வராது. அங்கே டிசி கேட்பார்கள்.